கண் வைக்கிறவள்

டிராகனின் கண்ணுக்குக் கறுப்பு வைக்கும்போது பிரேமலதா மூச்சை அடக்கிக்கொள்வாள். பொட்டு உட்கார்ந்த பிறகுதான் அடுத்த மூச்சு. வெளிநாட்டு மாயாஜாலப் படமொன்றின் பாத்திரங்களைப் பொறித்த நினைவு நாணயங்கள் தாராவியில் அவள் வேலை செய்யும் மாடிப் பட்டறைக்கு வெறும் வெள்ளி முலாமோடு வரும். எனாமல் வர்ணம் ஏற்றிப் பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். பதினோரு வருடமாகக் கண் வைப்பது அவள்தான்.

படத்தை அவள் பார்த்ததில்லை. அதில் வரும் மந்திரக்கார ராணிக்கு அவள் இட்ட பெயர் ‘கொழுந்தியா’. “கண்ணு வைக்கதுக்கு முன்ன பொணம் மாரி கெடப்பா. வச்ச பொறவு நம்மளப் பாத்தே மொறைப்பா” என்பாள்.

போன மழைக்காலத்தில் வலக்கண்ணில் புகை படர்ந்தது. நரம்பு பட்டுப்போயிற்று, இனித் திரும்பாது என்றார்கள் அரசு ஆஸ்பத்திரியில். இடக்கண்ணாவது மிஞ்ச வேண்டுமென்றால் வர்ணத்தில் கலக்கும் தின்னர் வாடை ஆகாதாம். கணவன் செல்வத்திடம்கூட வாய் திறக்காமல் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள்.

ஒருநாள் மேஸ்திரி தௌஃபீக் ஏழு ராணிகளைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தான். ஏழு பேருக்கும் கருமணி கன்னத்துக்கு இறங்கியிருந்தது.

“ட்யூப்லைட்டு சரியில்ல பாய்.”

அவன் ஓர் அட்டையால் அவளுடைய இடக்கண்ணை மறைத்தான். “எத்தன விரல் சொல்லுக்கா.”

“மூணு.”

அவன் கையைத் தூக்கவே இல்லை. பக்கத்து மேசை ஹாஃபிஸா தலை குனிந்துகொண்டாள்.

“கப்சே? எப்பலேர்ந்து இப்படி?”

“வேலய விட்டு மட்டும் அனுப்பிராதீய பாய். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

அனுப்பவில்லை. கண் வைக்கும் வேலை ஹாஃபிஸாவுக்குப் போயிற்று. பிரேமலதாவை மூலைக்கு மாற்றினார்கள். படக் கம்பெனியின் உரிமம் பெற்ற சரக்கு என்பதால், பிசகிய நாணயம் ஒன்றுகூட வெளியே போகக்கூடாது. முகம் அழியும்வரை சுத்தியலால் நசுக்கிவிட வேண்டும். அதுதான் இப்போது அவள் வேலை. நாளொன்றுக்கு இருபது, முப்பது முகங்கள்.

“இது லேசு. கை நடுங்குனாலும் பாதகமில்ல” என்கிறாள் கேட்பவர்களிடம்.

நேற்று ஹாஃபிஸாவின் தட்டிலிருந்து ஒரு ராணி வந்தாள். ஒரு கண்ணில் பொட்டு விலகியிருந்தது. பிரேமலதா நாணயத்தை இடக்கண்ணோடு ஒட்டினாற்போலப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். கை நீட்டி ஹாஃபிஸாவிடம் தூரிகையை வாங்கினாள். விலகிய பொட்டை நகத்தால் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தாள். காயும்வரை ஊதினாள். ராணி அவளைப் பார்த்தே முறைத்தாள்.

பிறகு ராணியைப் பட்டடைக் கல்லில் மல்லாக்கக் கிடத்தி, சுத்தியலை ஓங்கினாள்.