தபால்காரனாக நடித்தவர்: டீன் கார்லி

நியூயார்க்கில் முதல் நாடக வேடம் கிடைத்த அன்றே ஆரின் ஹாஸ்கெட்டின் பெயர் பறிபோனது. நடிகர் சங்கத்தில் ஒரே பெயரில் இருவர் இருக்கக்கூடாது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவன் இருந்தான். "வேற பேர் சொல்லுங்க சார், பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றாள் சங்க மேசைக்குப் பின்னால் இருந்த பெண். வாயில் வந்ததைச் சொன்னான்: டீன் கார்லி. எந்தப் படுபாவி போட்ட சட்டமோ!

சொந்த ஊரான மன்சியில் கண்ணாடி ஆலையில் உழைத்துக்கொண்டிருந்த அப்பா எமெட் ஹாஸ்கெட்டிடம் இதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நடிக்கப் போகிறேன் என்றதற்கே முகம் கொடுத்துப் பேசாத மனிதர். அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளிப்போட்டே ஆறு வருடம் ஓட்டினான்.

பிறகு சினிமா வந்தது. தபால்காரன் வேடம், இரண்டே காட்சி. படம் மன்சிக்கு வந்ததும் எமெட் ஆலைக் கூட்டாளிகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போனார். "திரையில நம்ம பேரு வரும், பாருங்கடா" என்று வழியெல்லாம் பீற்றல். மகன் முகத்தைப் பார்த்ததும் கைதட்டினார்கள். கடைசியில் பெயர்கள் ஓடின.

"என்ன எமெட், கார்லிங்கிறது யாரு? உன் வீட்டுக்குப் பால் ஊத்துனவனா?" என்றான் ஒருவன். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் தொலைபேசியில் எமெட் கத்தினார். "அப்பன் பேரு உனக்கு அசிங்கமாடா?"

"சங்கத்துல சட்டம்பா..."

"ஆறு வருஷமா அதச் சொல்ல வாயில்லையா?" அதோடு வைத்துவிட்டார்.

அந்த இன்னொரு ஹாஸ்கெட் நடிப்பை விட்டுக் கார் விற்கப் போய்விட்டதாகப் பின்னால் தெரியவந்தது. கேட்டிருந்தால் பெயர் திரும்பக் கிடைத்திருக்கும். ஆனால் இயக்குநர்களுக்குக் கார்லியைத்தான் தெரியும். ஹாஸ்கெட்டுக்கு எவன் வேடம் கொடுப்பான்? ஆரின் கேட்கவில்லை.

இருபது வருடம் கழித்து முதியோர் இல்லத்தில் அப்பாவைப் போய்ப் பார்த்தான். எமெட்டுக்கு உடம்புதான் ஒடுங்கியிருந்தது, புத்தி தெளிவாகவே இருந்தது. கூடத்துத் தொலைக்காட்சியில் ஆரின் நடித்த போலீஸ் தொடர் ஓடிக்கொண்டிருந்தது.

"அவன் கார்லிம்மா" என்று நர்ஸிடம் திரையைக் காட்டினார். "நல்லா நடிப்பான், பொய் சொல்லக் கூடாது. எனக்கும் ஒரு மகன் இருந்தான். நடிக்கிறேன்னு போனான். பாவம், ஒரு படத்துலகூட அவன் பேர் வரல." சொல்லும்போது ஆரினைத்தான் பார்த்தார்.

அவளும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "ஐயோ, நீங்கதான் கார்லியா! ஒரு கையெழுத்துப் போடுங்க சார்!" காகிதமும் பேனாவும் நீட்டினாள்.

எமெட்டின் கண் பேனா முனையிலேயே நின்றது. ஆரின், டீன் கார்லி என்று எழுதிக் கொடுத்தான்.