கன்னத்தில் அடக்கிய கடலை

ஐம்பதுகளின் நடுவில், பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மெண்டில், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் பிள்ளைகளுக்கெல்லாம் பொன்னுக்கு வீங்கி வந்தது. கழுத்தில் தங்கம் போட்டால் வீக்கம் வடியும் என்று நம்பிக்கை. என் மகளுக்கும் வந்தது. எங்களிடம் குன்றிமணித் தங்கம் கிடையாது. எதிர்வீட்டு அம்மாள் தன் சங்கிலியைக் கழற்றி என் மகள் கழுத்தில் போட்டார்.

மூன்றாம் நாள் அவரே வந்தார்.

"சார், நம்ம தெரு மரத்துல இருக்கிற கொரங்கைப் பாத்தீங்களா? கன்னம் ரெண்டும் வீங்கி, மூஞ்சி செவந்து கெடக்கு. அதுகிட்டேயிருந்துதான் புள்ளைங்களுக்கு ஒட்டிக்கிச்சு. புடிச்சிட்டுப் போகச் சொல்லி ஒரு மனு அடிச்சுக் குடுங்க."

என்ன அநியாயம்! அது குட்டி போட்ட தாய்க்குரங்கு. நடுவகிடு எடுத்துத் தொப்பி கவிழ்த்தாற்போலத் தலைமயிர், உடம்பைவிட நீளமான வால். அந்த ஜாதியில் பெண்ணுக்கு முகம் சிவந்துதான் இருக்கும். கன்னத்துக்குள் பை உண்டு. மரத்தடியில் கடலை விற்பவர் அசந்த நேரம் அள்ளி அடக்கிக்கொண்டு, மரத்தில் ஏறி நிதானமாக மென்று தின்னும். காலையில் உப்பிய கன்னம் மத்தியானம் ஒட்டிப்போயிருக்கும். எந்த வியாதி அப்படி வேளைக்கு வேளை வந்து போகும்? இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் என் மகளின் கழுத்தில் கிடந்த தன் சங்கிலியைப் பார்த்தார், அவ்வளவுதான்.

மறுநாள் என் ஆபீஸ் டைப்ரைட்டரில் கார்ப்பரேஷனுக்கு மனு அடித்தேன். அடித்தவரே முதலில் கையெழுத்துப் போடட்டும் என்றார்கள் தெருக்காரர்கள். போட்டுத் தொலைத்தேன்.

அடுத்த வாரம் கார்ப்பரேஷனிலிருந்து கூண்டோடு ஆள் வந்தார். உள்ளே கடலையை இறைத்தார். வயிற்றில் தொங்கும் குட்டியோடு குரங்கு உள்ளே போனது. கன்னம் கொள்ளுமட்டும் அடைத்துக்கொண்டது. கதவு விழுந்தது. கம்பியைப் பிடித்து உலுக்கி ஓய்ந்த பிறகு மூலையில் உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி, ஒவ்வொரு கடலையாக வாய்க்குத் தள்ளித் தின்றது. தெருவே பார்த்துக்கொண்டிருக்க வீக்கம் வடிந்தது.

"பாத்தீங்களா, எங்கே வியாதி?" என்று கத்தினேன்.

"ஏனு மாடோது சாமி, என்ன செய்யிறது, ஆர்டர் ஆயிடுச்சே" என்று கூண்டுக்காரர் வண்டியில் ஏற்றினார்.

விட்டுவிடச் சொல்லி இன்னொரு மனு அடித்து வீடு வீடாக ஏறி இறங்கினேன். எதிர்வீட்டு அம்மாள் பேனாவைக் கையில் வாங்கவே இல்லை. "கொரங்கு போச்சு, உங்க மகளுக்கும் வீக்கம் வத்திடுச்சு. இன்னும் என்ன சார்?" என்றார். தானாக வடிகிற வீக்கத்துக்கு ஒரு தாயையும் குட்டியையும் கூண்டில் அடைத்த ஜனங்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சங்கிலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒற்றைக் கையெழுத்தோடு அந்தக் காகிதத்தைக் கார்ப்பரேஷன் ஆபீசுக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த குமாஸ்தா அதைப் பழைய மனுவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"புடிக்கச் சொல்லி மொதல்ல கையெழுத்துப் போட்டதும் நீங்கதானே சார்?"

ஆமாம் என்றேன்.