ஜெயில் வாசலில் சொல்லக் கூடாத சொல்

எங்கள் பக்கத்தில் யார் வீட்டு ஆண்பிள்ளையாவது உள்ளே போய்விட்டால், அந்த வீட்டுப் பெண்கள் என்னைத் தேடி வருவார்கள். வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தவர்களும் உண்டு. கருக்களாச்சேரியிலிருந்து வந்த ஒருத்தி, "அக்கா, ஜெயிலப் பத்தி ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமாமே" என்றாள். பெருமைப்படுவதா, சண்டைக்குப் போவதா என்று எனக்குப் புரியவில்லை. காபி போட்டுக் கொடுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.

எல்லாம் என் வீட்டுக்காரர் புண்ணியத்தில் தெரிந்துகொண்டதுதான். எழுபதுகளின் கடைசியில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. புதுச்சேரியைச் சேர்ந்த எங்கள் காரைக்காலிலோ பிராந்திக் கடைகள் பட்டப்பகலில் திறந்து கிடக்கும். கீழவாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு. தவிட்டு மூட்டைக்குள் பாட்டில்களைச் செருகி, சைக்கிளில் அந்தப் பக்கம் சேர்த்துவிட்டு வந்தால் நல்ல கூலி. வயல்வேலை இல்லாத மாதங்களில் ஒரு முதலாளிக்காக இவரும் அதைச் செய்தார். ஒருநாள் சோதனைச் சாவடிக்கு முன்னால் சைக்கிள் பள்ளத்தில் இறங்க, தவிடு கலகலவென்று சத்தம் போட்டது. "எந்த மாட்டுக்குய்யா இந்தத் தவிடு?" என்று போலீஸ்காரர் கேட்டாராம். இதைச் சொல்லும்போது இவருக்கே சிரிப்பு வரும். எனக்கு அன்றைக்கு வரவில்லை. வழக்கு முடிந்ததும் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

எங்கள் ஊரில் ஓர் ஆள் கொஞ்ச நாள் கண்ணில் படாவிட்டால், "என்ன, பிரான்சுக்கா?" என்பார்கள். அங்கே உறவுக்காரர்கள் இருக்கிற வீடுகள் அவ்வளவு. என் மாமியார் அதையே பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான் முடியாது என்றுவிட்டேன். கேட்டவர்களிடம், "பிரான்ஸ் இல்லீங்க, திருச்சி. ஜெயில்ல இருக்காரு" என்றேன். கேட்டவர்தான் திருதிருவென்று முழித்தார். பொய் சொன்னால் அதற்குத் தினமும் தீனி போட வேண்டும், என்னிடம் மாட்டுக்கே தீனி இல்லை. சின்ன மகளிடமும் உள்ளதைத்தான் சொன்னேன். அப்பா தப்புப் பண்ணினார், தண்டனை முடிந்ததும் வந்துவிடுவார் என்று. அவள் அதைக் கேட்டுக்கொண்டு விளையாடப் போய்விட்டாள்.

பேரளம் வரை ரயில், மாயவரம் போய் அங்கிருந்து திருச்சி. மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் கூப்பிடுவார்கள். உள்ளே ஒரு கம்பிவலை, கொஞ்சம் இடைவெளி, அதற்கு அப்பால் இன்னொரு கம்பிவலை. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். நடுவில் நின்றால் இரண்டு பக்கத்து வீட்டுச் சண்டையும் நம் காதில்தான் விழும். ஓடிப்போய் ஓரத்தில் நிற்க வேண்டும், ஒரு பக்கத்துச் சத்தமாவது குறையும். பழம் கொண்டுபோனால் செங்காயாகக் கொண்டுபோக வேண்டும். சோதனை போடுகிறவர்கள் கை பட்டுப் பட்டுக் கனிந்த பழம் கூழாகிவிடும். தேங்காயெண்ணெய், சோப்பு, பிஸ்கட்டுக்குத் தடையில்லை. ஆசையாசையாய் மீன்குழம்பு வைத்துத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, அது வாசலோடு சரி.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று உண்டு. வீட்டுக் காரியம் ஒன்றை அவர் முடிவுக்கென்று விட்டுவைக்க வேண்டும். கிடாரிக் கன்றை விற்கலாமா வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எனக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் கேட்டேன். கூனிக்கொண்டு நின்ற மனுஷன் நிமிர்ந்தார். "வித்துராத. நான் வந்து பாத்துக்கிறேன்" என்று கத்தினார். அன்று ஊர் திரும்புகிற வரைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பக்கத்துக் கொட்டடியில் ஒரு பெரியவர் இருந்தார். அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை, நான் கொண்டுபோகிற பழத்தில் பாதி அவருக்கு என்று இவர் சொன்னார். அதன் பிறகு ஒரு சீப்பு கூடுதலாக எடுத்துப் போனேன்.

கிளம்பும்போது என்ன சொல்வது என்பதில்தான் நான் ரொம்பக் கண்டிப்பு. நம் வீடுகளில் யாரும் "போறேன்" என்று சொல்லிக் கிளம்புவதில்லை. பக்கத்துத் தெருக் கடைக்குப் போனாலும் "போயிட்டு வரேன்" தான். சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் அதைச் சொல்லக் கூடாது. ஜெயிலும் அந்தச் சேர்த்திதான் என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன். அடுத்த மாதம் வரப்போகிறோம் என்று தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். "நீங்க வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

விடுதலை நாளும் வந்தது. புது வேட்டி, சட்டையோடு வாசலில் நின்றேன். பழசைக் காவிரியில் விட்டு, முழுகிவிட்டு ஊருக்குப் போவதாக ஏற்பாடு. சின்னக் கதவு திறந்தது. குனிந்து வெளியே வந்த மனுஷன், எப்போதும் ஜலதோஷத்தோடு மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும் வார்டரைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டு, பணிவாக, "போயிட்டு வரேங்கய்யா" என்றார்.

"யோவ், வேணாம்யா!" என்று வார்டர் சிரித்தார். உள்ளேயிருந்தும் சிரிப்புச் சத்தம். தஞ்சாவூர் வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். "பழக்கதோஷத்துல வந்துருச்சுடி" என்று இவர் கெஞ்சிக்கொண்டே வந்தார். பழக்கதோஷம்தான் எனக்குப் பயம். அவ்வளவு நல்ல மரியாதையோடு ஜெயிலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாரே, மறுபடி அந்தச் சைக்கிளில் ஏறிவிட்டால்?

நான் பயந்தபடியே முதலாளியின் ஆள் ஒரு வாரத்துக்குள் வந்தான். கிடாரிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார் இவர். "அண்ணே, சைக்கிள் ரெடியா இருக்கு, மொதலாளி கூட்டியாரச் சொன்னாரு" என்றான். நான் அடுப்படியில் அசையாமல் நின்றேன். இவர் வாளியைக் கீழே வைத்தார்.

"திருச்சிக்கு வரேன்னு வார்டர்ட்ட சொல்லிட்டேன் தம்பி. அதுக்கு ஒருதரம் போகணும். என் பொஞ்சாதியும் கூட வரும். போலீஸ் கூட்டிக்கிட்டுப் போறாப்ல இன்னொருதரம் போக எனக்குத் தெம்பில்ல. மொதலாளிட்ட சொல்லிரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் போன பிறகு வெளியே வந்து, "யாரக் கேட்டு என்னையும் சேத்துக்கிட்டீங்க?" என்று சண்டை போட்டேன்.

அடுத்த மாதம் இரண்டு பேருமாகப் போனோம், அந்தப் பெரியவரைப் பார்க்க. செங்காயாக இரண்டு சீப்பு. இவர் ஓடிப்போய் ஓரத்தில் இடம் பிடித்தார். பெயரைக் கூப்பிட்டதைப் பெரியவர் முதலில் நம்பவில்லையாம். வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார். எங்கள் கிடாரி சினையாக இருக்கிறது, கன்று போட்டால் என்ன பெயர் வைக்கலாம் என்று இவர் கத்திக் கேட்டார். பெரியவர் நன்றாக யோசித்துச் சொன்னார். கிளம்பும்போது, "நீங்க வாங்க" என்று நானும் கத்தினேன்.

வெளி வாசலில் அதே வார்டர், அதே ஜலதோஷம். இவரைப் பார்த்ததும், "அடப்பாவி, வந்துட்டியாய்யா!" என்றார். "வந்தாச்சுங்கய்யா" என்று கும்பிட்டு இவர் வாயெடுப்பதற்குள் நான் முழங்கையைக் கிள்ளினேன். இவர் விழுங்கிக்கொண்டார்.

"போறேங்கய்யா" என்றார்.

"போ" என்றார் வார்டர்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயால் அந்தச் சொல்லை நான் கேட்டது அன்று மட்டும்தான். இப்போது டிராக்டர் ஓட்டுகிறார். காலையில் கிளம்பும்போது வண்டிச் சத்தத்துக்கு மேலே "போயிட்டு வரேன்" என்று ஒரு கத்தல். வலைக்கு அந்தப் பக்கமிருந்து கத்திக் கத்திப் பழகிய குரல். வாசலுக்கு வந்து, அதைக் காதால் கேட்ட பிறகுதான் நான் அடுப்படிக்குத் திரும்புவேன்.