பிச்சிப்பூ மாலை கேட்டு வந்தவர்

தோவாளை திருவிதாங்கூரோடு இருந்த காலம். பூச்சந்தையில் மாலை கட்டிக்கொண்டிருந்தேன். அன்று காலை மலையிலிருந்து இறங்கிய பனியில் பூக்குவியல்களும் ஆட்களும் மிதப்பதுபோல் இருந்தது. அந்தப் பனிக்குள்ளிருந்து அவர் வந்தார். சினிமாவில் போலீஸ்காரராகவும் நாடகத்தில் மாமியாராகவும் வந்து எங்களைச் சிரிக்கவைத்த அதே நடிகர்.

"எனக்க அம்மை போயிட்டா. பிச்சியில ஒரு மாலை கட்டித் தாரும், அண்ணாச்சி."

சந்தையே சிரித்தது. போன வாரம்தான் தக்கலை நாடகத்தில் இதேபோல் சொல்லி அழுதார். செத்துக்கிடந்த அம்மா எழுந்து அவரை அடித்தாள். நானும் சும்மா இராமல் கேட்டேன்: "அம்மை எப்ப எழும்புவா?"

அவர் என்னையே பார்த்தார். "நாலு மணிக்கு எடுப்பு. அதுக்குள்ள எழும்புனா நல்லதுதான்."

இன்னும் சிரித்தோம். மாலையைக் கட்டி நீட்டினேன். அவர் அதைத் தோளில் போடவில்லை. தூங்கும் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டார். என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வார்த்தை சொல்ல வாயெடுப்பதற்குள் பனி அவரை மூடிவிட்டது.

பிறகும் அவர் படங்களுக்குப் போனேன். திரையில் அவர் முகம் வந்ததும் கொட்டகையே சிரிக்கும். எனக்கு மட்டும் பிச்சி மணக்கும்.