கம்பளத்துக்குள் ஒரு இடியன்

1898க்கு முன் செய்யப்பட்டதும், தோட்டா போட்டுச் சுடும்படி அமைக்கப்படாததுமான துவக்கு, கனடியச் சட்டப்படி பழம்பொருள். லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். இதை ஸ்காபரோ நூலகத்தில் இருந்து நானே வாசித்தேன். வாசித்த பிறகும் பொலிசுக்குக் கடிதம் எழுதினேன்.

துவக்கு வந்தது ஒரு கோடை காலத்துக் கராஜ் சேலில். வோபர்னில் ஒரு வீட்டு வாசலில், சுருட்டிக் கட்டிக் கிடந்த கம்பளத்தை என் பெறாமகன் வாங்கினான். பாரம் கூடினால் கம்பளம் நல்லது என்பது எங்கள் இருவருடைய முடிவு. அப்பார்ட்மென்டில் கட்டை அவிழ்த்தபோது நடுவில் ஓர் ஆள் நெஞ்சளவு நீளத்தில் துவக்கு.

"பெரியப்பா, முதல்ல கதவைப் பூட்டுங்கோ."

அவனுடைய அகதிக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நிரந்தரமாகத் தங்குவதற்கான லாண்டட் பேப்பர் மட்டும் வரவில்லை. பாதுகாப்பு விசாரணை முடியவில்லையாம். அது வந்தால்தான் கொழும்பு லொட்ஜில் காத்திருக்கும் மனைவியைக் கூப்பிடலாம். யாழ்ப்பாணத்து இளைஞன், அறைக்குள் துவக்கு. இரண்டையும் ஒரே வசனத்தில் எழுத எனக்கே கை கூசியது.

நான் ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வன்னிக் கமக்காரர் பன்றி விரட்டும் இடியன்களுக்கு லைசென்ஸ் புதுப்பித்தது என் மேசையில்தான். இதுவும் இடியன், மருந்தையும் குண்டையும் குழல் வாயால் போட்டு இடிக்கவேண்டும். ஆனால் பட்டாளத்துச் சாமான். பக்கத்துத் தகட்டில் அரச முடி, பக்கத்தில் 1862. கச்சேரி வழக்கப்படி தகட்டின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அடையாளத்தை எடுத்தேன். துவக்கோடு பஸ் ஏற முடியாதே.

டவுன்ரவுனில் பழம்பொருட்கடை வைத்திருந்த வெள்ளைக்காரர் தாளைப் பார்த்ததும் கண்ணாடியை மாற்றினார். பிரித்தானியப் படைத் துவக்காம், கனடாவுக்கும் வந்ததாம். மரம் பழைய நிறத்திலேயே இருந்தால் எண்ணூறு டொலர், யாராவது தேய்த்து மினுக்கியிருந்தால் பாதி. "கொண்டு வாருங்கள், ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன்" என்றார். அந்தக் கடைசி வசனம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

"குடுத்துத் துலையுங்கோ, பெரியப்பா."

"எழுத்தில ஒண்டும் இல்லாமலோ? நாளைக்கு ஆரும் கேட்டால்?"

"கச்சேரியை இஞ்சையும் தூக்கிக்கொண்டு வந்திட்டியள். எழுதினால்தானே கேப்பாங்கள்!"

என் பெயரில், என் கையெழுத்தில், இது பழம்பொருள் என்று எழுத்தில் உறுதிப்படுத்துமாறு பொலிசைக் கேட்டேன். அவன் பெயரை எங்கும் எழுதவில்லை. அது என் சாமர்த்தியம்.

இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். மரியாதையானவர்கள். துவக்கு யாருடையது என்று ஒருவர் என்னைக் கேட்டார். நான் வாய் திறக்க முன் அவன் எனக்கு முன்னால் வந்து நின்றான். பெரியப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, வாங்கியது நான்தான் என்று தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னான். என்னைக் காப்பாற்றுகிறானாம். அவர்கள் அவன் பெயரைக் கேட்டு, எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதினார்கள். துவக்கைப் பரிசோதனைக்கு என்று கொண்டுபோனார்கள்.

பிறகு சத்தமில்லை. இலை உதிர்ந்தது, பனி விழுந்தது. வேலையால் வந்ததும் அவன் தபால்பெட்டிக்குப் போவான். திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டான். கொழும்பிலிருந்து மனைவியின் போன் வந்தால், "இன்னும் இல்லையப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவான்.

கடைசியில் பொலிஸ் பதில் வந்தது. பழம்பொருள், கட்டுப்பாடு இல்லை, வந்து எடுத்துச் செல்லலாம். நான் வாசித்த விதியேதான். உரிமையாளர் என்ற இடத்தில் அவனுடைய பெயர், ஒரு எழுத்தும் பிழையில்லாமல். லாண்டட் பேப்பர் அப்போதும் வரவில்லை. கச்சேரி வழக்கப்படி கடிதத்தின் மூலையில் கிடைத்த திகதியைக் குறித்தேன்: 1994 மார்ச் 8.