அக்கா பெயரில் ஒரு கடல்மலை

என் அக்காவுக்கு வாய்த்தவர் கடலின் அடியை அளக்கிறவர். ஆய்வுக் கப்பலில் உட்கார்ந்து, கீழே ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்வார். அதே கப்பலில் சமையல்காரன் நான். கரையோரத் திட்டு, அது முடிந்ததும் சரிவு, அப்புறம் கும்மிருட்டில் கிடக்கும் சமவெளி என்று அத்தனையும் அத்தானுக்கு அத்துப்படி. சொந்த வீட்டில் குளியலறை சுவிட்ச் எங்கே என்று கேளுங்கள், திருதிருவென்று முழிப்பார்.

இந்தத் தடவையும் கல்யாண நாளுக்கு வீட்டில் இல்லை. அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். போனை எடுப்பாள், "ம்" என்பாள், வைத்துவிடுவாள். மனிதர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், தின்னவில்லை. எனக்கு வயிறெரிந்தது. சமைத்தவன் நானாயிற்றே!

அப்படி இருக்கையில் ஒரு காலை, திரையைப் பார்த்துக் கத்தினார். "மச்சான், மலைடா!"

நாலு கிலோமீட்டர் ஆழம் இருக்க வேண்டிய இடத்தில், நானூறு மீட்டரிலேயே பட்டையாக ஒரு கோடு. கடலுக்கடியில் உச்சி தட்டையான மலைகள் உண்டாம். எந்த வரைபடத்திலும் இல்லாத மலை! சரிபார்க்கக்கூடப் பொறுமையில்லாமல் உணவறைப் போனுக்கு ஓடினார். "இந்தா, இதுக்கு உன் பேரையே வைக்கச் சொல்றேன்!"

"நெஜமாவாங்க?" என்றாள் அக்கா. மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

பொழுது சாயும்போது மலை கிளம்பியது.

சத்தியமாக! நானூறு முந்நூறாயிற்று, நூறாயிற்று. கப்பலில் மீன்களை ஆராயும் விஞ்ஞானியம்மா எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன சார், நீங்களே ஏமாந்துட்டீங்களா? அது மீன் கூட்டம்!"

பகலில் கடலின் வெளிச்சம் மங்கிய அடுக்கில் பதுங்கிக் கிடந்து, இருட்டத் தொடங்கியதும் இரை தேடி மேலே வரும் கோடிக்கணக்கான பொடி மீன்கள். ஒலி அந்தக் கூட்டத்தில் மோதியே திரும்பிவிடுமாம். அத்தானுக்குத் தெரியாததா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"நீயே சொல்லிடு மச்சான்" என்றார், பேயறைந்த முகத்தோடு.

"நல்லா இருக்கே! மலையைத் தூக்கிக் கொடுத்தது நீங்க, பிடுங்குறது நானா?"

போனை எடுத்தவர் பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார். உணவறையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அக்கா திட்டவில்லை.

"அதுங்க தினமும் மேல வருமா?"

"தினமும் வரும்மா. இருட்டினா டாண்ணு வந்துடும்."

"மீனுக்குக்கூட இருட்டினா எங்க போகணும்னு தெரியுது. உங்களுக்கு எப்பங்க தெரியப்போகுது?" அவள் குரல் உடைந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த துறைமுகத்திலேயே, கரை அலுவலகத்தில் வேலை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அத்தான் இறங்கிவிட்டார்.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். "டேய், ஆறு மணியானா அடுப்படியில வந்து நின்னுக்கறாருடா. ஏன் இவ்வளவு உப்பு, ஏன் இவ்வளவு எண்ணெய்னு உயிரை எடுக்கறாரு. கப்பல்ல இடம் இருக்கா?"

"கேட்டுச் சொல்லட்டுமா?" என்றேன்.

"கேட்டே, கொன்னுடுவேன்!" என்றாள்.