அம்சவேணின்னு ஒரு ஃபைல்

அம்சவேணியைப் பத்தி யாராவது எழுதணும்னா அது நானாத்தான் இருக்கணும். வேற யார் எழுதினாலும் அமைதியான பொண்ணு, அடக்கமான பொண்ணுன்னு எழுதி வெச்சுடுவாங்க. அமைதியும் கிடையாது, அடக்கமும் கிடையாது. பாதி நேரம் அவ இங்க இல்ல, அவ்வளவுதான். பர்மாவுல, லான்மடாவ்ல ஒரே தெரு எங்களுக்கு. எங்க வீடு மூணாவது மாடி, அவ வீடு எதிர்க்கட்டடத்துல நாலாவது மாடி. ஜன்னலுக்கு ஜன்னல் பேசிக்கிட்டே வளந்தோம். இப்ப ஒரே காலேஜ், ரெண்டாம் வருஷ விலங்கியல். நான் ஷாரோன். எனக்கு வாய் நீளம்னு எங்கம்மா சொல்லும். கொஞ்சம்தான்.

அம்சவேணிக்கு மீன்னா உசிரு. திங்கிறதுக்கு இல்ல, பாத்துக்கிட்டே இருக்கிறதுக்கு. கியாக்தான்ல தண்ணிக்கு நடுவுல ஒரு பகோடா, புத்தர் கோயில் இருக்கு. படகுல போய் இறங்கினதும் எல்லாரும் கும்பிடுவாங்க, இவ மட்டும் கரையில குந்திக்கிட்டு பொரிக்கு வாயைப் பொளந்து வர்ற கெளுத்தியைப் பாத்துக்கிட்டிருப்பா. "ஷாரோன், அந்தப் பெருசுக்கு மீசை எத்தனைன்னு பாத்தியா?"ம்பா. காலையில மொஹிங்கா கடையில உக்காந்தாலும் இதே கதைதான். மீனைக் கரைச்சுக் காய்ச்சின குழம்புல நூடுல்ஸைப் போட்டுக் குடுப்பாங்க. கிண்ணத்தையே உத்துப் பாத்துக்கிட்டு, "இது உசிரோட இருந்தப்ப எவ்வளவு நீளம் இருந்திருக்கும்?"னு கேப்பா. ஆறிப்போகுது, குடிச்சுத் தொலைடின்னு நான் கத்தணும்.

இப்படிப்பட்டவளுக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் பரீட்சை வெச்சாங்க. எங்க காலேஜ்ல அறிவியல் படிக்கிற எல்லாருக்கும் அது கட்டாயம். டைப் அடிக்கணும், அட்டவணை போடணும், அதுலேர்ந்து கிராஃப் வரையணும், ஃபைலைச் சேவ் பண்ணணும். சொல்றப்ப சுலபம்தான். நாப்பத்தி நாலு பேருக்குக் கம்ப்யூட்டர் பதினொண்ணு, அதுவும் கரண்டு இருக்கிற நேரத்துலதான். ஒண்ணுக்கு நாலு பேர். ஒருத்தர் மௌஸைப் பிடிப்பாங்க, ஒருத்தர் யோசனை சொல்லுவாங்க, ஒருத்தர் எட்டிப் பாப்பாங்க. நாலாவது ஆள் இவ. ஜன்னலுக்கு வெளியில மழை பெய்யுதா இல்லையான்னு கவனிச்சுக்கிட்டிருப்பா.

அதுல தோத்தா மூணாம் வருஷம் கிடையாது, ரெண்டாம் வருஷத்தையே திரும்பப் படிக்கணும். அவங்கப்பா அய்யாசாமி மாமா அதுக்குத் தயாரா இல்ல. பக்கத்துப் பேட்டை லத்தாவுல பீர் முகைதீன் பாய் மளிகை மொத்தக்கடை வெச்சிருக்கார், மாமா அங்கதான் வேலை. கடையில ஒரு பொம்பளைப் பிள்ளை தேவைப்படுதுன்னு பாய் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தார். மாமா ஒரே பேச்சா சொல்லிட்டார். "பாஸானா படி. இல்லன்னா பாய் கடைக்கு வந்துடு. ஒரு வருஷத்தை ரெண்டு தடவை படிக்க வைக்க என்னால ஆகாதும்மா." திட்டல, கோபப்படல, அதான் இவளுக்கு ரொம்ப பயம். மாமா மெதுவாச் சொன்னா அது முடிஞ்ச சமாசாரம்.

அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி முருகன் காலண்டர்ல முடிஞ்சுபோன மாசத்தைக் கிழிச்சா. பின்பக்கம் வெள்ளைத்தாள். காலேஜ்ல கீபோர்டைப் பாத்து எழுதி வெச்சிருந்ததை அப்படியே கட்டம் கட்டமா ஜெல் பேனாவால வரைஞ்சா. அதுதான் அவ கம்ப்யூட்டர். கரண்டு வேணாம், நாலு பேருக்குப் பங்கு போடவும் வேணாம்.

காலேஜ்லேர்ந்து வீட்டுக்கு பஸ்ல ஒரு மணி நேரம். மழைக்காலம்னா ரெண்டு. கண்ணாடியெல்லாம் வேர்த்துக் கிடக்கும், வெளியில ரோடு தெரியாது, லைட்டு மட்டும் மஞ்சளாக் கரைஞ்சு போகும். அவ பையை மடியில வெச்சு, அது மேல காகிதத்தை விரிச்சு, கண்ணை எங்கேயோ வெச்சுக்கிட்டு விரலை ஓட்டுவா. சத்தமே இருக்காது. எந்த எழுத்தும் எங்கேயும் விழாது. "இது ஒரு குளம்டி"ம்பா. "ஒவ்வொரு கட்டத்துக்கு அடியிலயும் ஒரு மீன் நிக்குது. A பாவம், கரையோரமா தனியா நிக்குது. சுண்டுவிரல்தான் அதைத் தேடிப் போகணும்." பைத்தியமாடி உனக்குன்னு கேட்டேன். கேட்டுட்டு நானும் அந்தக் கட்டத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். கொஞ்ச நேரத்துல எனக்கே தண்ணி அசையற மாதிரி இருந்துச்சு. ரெண்டு பேரும் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டு, மழையில திரும்ப நடந்து வந்தோம்.

என்னத்தை அடிக்கிறான்னு பாத்தா எப்பவும் ஒரே வார்த்தை. அம்சவேணி, அம்சவேணி, அம்சவேணி. "உம்பேரையே எத்தனை தடவைடி அடிப்ப? கின் ஸூன்னு அடிச்சுப் பழகு. அதான பரீட்சையில வேணும்?"னு சொன்னேன். "கின் ஸூ சட்டுனு முடிஞ்சுடுது. இதுன்னா குளத்தை ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்"னா.

கின் ஸூங்கிறதும் இவதான். எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு இப்படி ரெண்டு பேர் இருக்கு. வீட்டுல தமிழ்ப்பேர், பள்ளிக்கூடத்துலயும் அடையாள அட்டையிலயும் பர்மாப் பேர். மாமாதான் ஒண்ணாவதுல சேர்க்கும்போது கின் ஸூன்னு குடுத்தார். எல்லாரும் செய்யறதுதான், தப்பில்ல. ஆனா நாலாவது படிக்கிறப்ப ஒருநாள் அவங்கம்மா கேட்டுக்கு வெளியில நின்னு "அம்சவேணீ"ன்னு கூப்பிட்டுட்டாங்க. ஒரு வாரம் வகுப்பே அந்தப் பேரைக் கோணலாச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது. கூடவே "கலாமா, கலாமா"ன்னு பாட்டு. இந்தியக்காரின்னு அர்த்தம். அர்த்தத்துல ஒண்ணும் இல்ல, சொன்ன விதம் இருக்கே, இப்ப நினைச்சாலும் எனக்குக் கை பரபரங்குது. அதுலேர்ந்து அவ அந்தப் பேரை வெளியில எடுத்துக்கிட்டுப் போனதே இல்ல. காலேஜ் வாசலைத் தாண்டினா நானே அவளை கின் ஸூன்னுதான் கூப்பிடணும். கன்னத்துல தனாக்கா மரப்பட்டையை அரைச்சு வட்டமாப் பூசிக்கிட்டு, பர்மாப் பிள்ளைங்களை விட அழகா பர்மா பேசுவா. மூணு பேர் அவளை மோன் இனத்துப் பொண்ணுன்னு கூட நினைச்சுக்கிட்டிருந்தாங்க.

பரீட்சை அன்னிக்கு நல்ல மழை. பதினொண்ணு பதினொண்ணு பேரா உள்ள விட்டாங்க. முதல் முறையா ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். எனக்கு அடுத்த சீட்டுல அவ. கெளுத்தி மீன் அளவுகளைக் குடுத்து அட்டவணை போட்டு கிராஃப் வரையச் சொன்னாங்க. கேள்வியைப் படிச்சதும் அவ மூஞ்சியைப் பாக்கணுமே! தீபாவளிப் பட்டுச்சேலையைப் பிரிக்கிற மாதிரி. விரல் பாட்டுக்குப் போகுது. நான் ஒவ்வொரு எழுத்தாத் தேடிக் குத்திக்கிட்டிருந்தேன்.

கிராஃப் முடியற நேரம், டப்புனு கரண்டு போச்சு. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கீழ பேட்டரிப்பெட்டி இருக்கு, மூணு நிமிஷம் தாங்கும். பதினொண்ணும் ஒரே சமயத்துல கீச்சு கீச்சுனு கத்த ஆரம்பிச்சுது. எங்க டீச்சர், சயாமான்னுதான் கூப்பிடுவோம், "சேவ் பண்ணுங்க, பேரை அடிச்சு சேவ் பண்ணுங்க!"ன்னு அதுக்கு மேல கத்தினாங்க. நான் ஷாரோன்னு அடிச்சு முடிக்கிறதுக்குள்ள செத்துப் பிழைச்சேன். இவ நிதானமா எழுந்து, "முடிச்சுட்டேன்"னு சிரிச்சா.

மறுநாள் நோட்டீஸ் போர்டுல லிஸ்ட் ஒட்டியிருந்தாங்க. என் பேருக்கு நேரா பாஸ். கின் ஸூவுக்கு நேரா, ஃபைல் இல்லை, வரவில்லைன்னு எழுதியிருந்துச்சு. அவ ரெண்டு தடவை படிச்சா. அப்புறம் தன் விரலைப் பாத்தா. "ஷாரோன், நான் என்ன பேர் அடிச்சேன்னு எனக்கு ஞாபகமே இல்லடி"ன்னா. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அட கடவுளே, அந்தக் குளத்தைச் சுத்திட்டு வந்திருக்கு பாரு விரல்!

கையைப் பிடிச்சுத் தரதரன்னு லேபுக்கு இழுத்துட்டுப் போனேன். அடுத்த வகுப்பு தொடங்கப் போகுது, எங்க வகுப்புப் பிள்ளைங்க எல்லாம் உள்ள நிக்குது. சயாமா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஃபைல்களைச் சரிபாத்துக்கிட்டிருந்தாங்க.

"கின் ஸூ, நீ சேவ் பண்ணவே இல்ல. நான் என்ன செய்ய?"ன்னாங்க. அப்புறம் திரையைக் காட்டினாங்க. "இதோ, ஒண்ணு கூடுதலா இருக்கு. எனக்கு வாசிக்கக்கூட வரல. அம்... சா... என்னமோ. என் லிஸ்ட்ல இப்படி யாருமே இல்ல, வேற வகுப்புக் குப்பையா இருக்கும். அழிச்சுடப் போறேன்."

நான் வாயைத் திறந்தேன். அம்சவேணி என் கையைக் கிள்ளினா. அவ்வளவு பேரும் பாத்துக்கிட்டிருக்காங்க, அதுல நாலாவதுலேர்ந்து கூடப் படிக்கிற ரெண்டு பசங்க வேற. சயாமா கை மௌஸ்ல. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. "வாயில என்னடி வெச்சிருக்க? மீசை எண்ணிக்கிட்டே பாய் கடையில மிளகாய் மூட்டை தூக்கப் போறியா?"ன்னு தமிழ்லயே கத்திட்டேன். லேபுல அன்னிக்கு வரைக்கும் நாங்க தமிழ் பேசினது கிடையாது. எல்லாரும் திரும்பினாங்க.

அம்சவேணி என்னைப் பாக்கல. திரையைப் பாத்தா.

"அழிக்காதீங்க சயாமா. அது என்னுது"ன்னா. "அது எம்பேரு."

சயாமா அவளை மேலயும் கீழயும் பாத்தாங்க. "உம்பேரு கின் ஸூ. போன வருஷமும் ஒருத்தன் இப்படித்தான், அடுத்தவன் ஃபைலைத் தன்னுதுன்னான். நான் எப்படி நம்பறது?"

அவ பையைத் திறந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்தா. மடிச்சு மடிச்சு நூலாப் போயிருந்துச்சு. மேசையில விரிச்சு வெச்சா. சயாமா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சாங்க. K அப்படியே புதுசா இருந்துச்சு. H, U, எல்லாம் நேத்து வரைஞ்ச மாதிரி. A இருந்த இடத்துல A இல்ல. M, S, V, E, N, I, ஒண்ணுமே இல்ல. வேர்வையும் விரலுமாத் தேச்சுத் தேச்சு ஏழு கட்டம் மட்டும் வெளுத்துக் கிடந்துச்சு. சயாமா திரையில இருந்த பேரைப் பாத்து, ஒவ்வொரு எழுத்தா அந்த வெள்ளைக் கட்டத்துல விரலை வெச்சுக்கிட்டே வந்தாங்க. ஒண்ணுகூட மிச்சமில்ல.

சயாமா கண்ணாடியைக் கழட்டிட்டு, "இதை எப்படிச் சொல்லணும்?"னு கேட்டாங்க.

"அம்சவேணி"ன்னா. சத்தமா. பின்னாடி ஒருத்தன் சிரிச்சான். அவ திரும்பி அவனைப் பாத்து, இன்னொரு தடவை சொன்னா, "அம்சவேணி. நல்லாக் கேட்டுக்க." எனக்கு அழுகையே வந்துடுச்சு. எனக்கு!

சாயந்திரம் நானும் அவளோட நாலு மாடி ஏறினேன். அய்யாசாமி மாமா அப்பத்தான் கடையிலேர்ந்து வந்து சட்டையைக் கழட்டிக்கிட்டிருந்தார்.

"பாஸாம்மா?"

"பாஸ்ப்பா."

"லிஸ்ட்ல காலையில உம்பேர் இல்லன்னு கீழ்வீட்டுல சொன்னாங்களே?"

"காலையில கின் ஸூ தோத்துட்டா. மத்தியானம் நீங்க வீட்டுல கூப்பிடற பேர்ல பாஸாயிட்டேன்."

மாமா சட்டையைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னார். அப்புறம் போனை எடுத்தார்.

"பாய், கடைக்கு வேற பிள்ளையைப் பாத்துக்குங்க"ன்னார். "எம்மக அம்சவேணி காலேஜுல படிக்கிறா."